ஒரு விசில்னா நிக்கணும்

காலை இழுக்காதீங்க தம்பி. இழுத்தா வெளையாட்டுன்னு நெனைச்சுக்கிட்டு ஷூவைக் கவ்விரும். ஆமா, நாய்தான். மெதுவாப் பேசுங்க. கண்டக்டருக்குத் தெரிஞ்சா என்னையும் அதையும் சேத்து இந்தப் பொட்டக்காட்டுல எறக்கி விட்டுருவான். அவன் எடத்துல இருந்தா நானும் அதைத்தான் செய்வேன். செஞ்சும் இருக்கேன். கோழியைப் பைக்குள்ள வச்சுக் கொண்டுவந்த ஒரு பொம்பளையை நட்டநடு வெயில்ல... சரி, அது இப்ப எதுக்கு.

சாக்குல என்னன்னு கேட்டான். தேங்காய்ன்னேன். சாக்கு மேலயும் கீழயும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு, அவன் கவனிக்கலையே! இந்தக் காலத்துக் கண்டக்டருக டிக்கெட் மிஷினைப் பாக்குறதுல பாதியைக்கூட ஆளைப் பாக்குறதில்ல. நான் முப்பத்தோரு வருசம் கண்டக்டரா இருந்தவன் தம்பி. பேரு அய்யாத்துரை. எங்க டிப்போவுல வந்து விசில் அய்யாத்துரைன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. நல்லதாத்தான் சொல்லுவாங்கன்னு நெனைக்கேன்.

இருங்க, ஸ்டாப்பு வருது. இப்ப ஒண்ணு ஊதுவான். ஊதிட்டான், கேட்டியளா? இது ஒரு விசிலா? சளி புடிச்ச மாதிரி. சரி, குனிஞ்சு பாருங்க. அசையலை பாத்தியளா? ஒரு விசில்னா நிக்கணும். அது என் பயிற்சி. என்னது, தூங்குதா? தூங்கலை தம்பி. கண்ணை மூடிக்கிட்டு நிக்குது. ஆமா, படுத்துக்கிட்டேதான். பஸ்ஸுக்குள்ள எப்படி எந்திரிச்சு நிக்கும்?

அடுத்து ரெண்டு ஊதுவான். ரெண்டுன்னா போகணும். அதான் கழுத்துப் பட்டையை இறுக்கிப் புடிச்சிருக்கேன். ம்... ஊதிட்டான். போகலைல்ல? நான் புடிச்சிருக்கேன்ல, எப்படிப் போகும்.

முழுசாச் சொல்லுதேன். நீங்க சங்கரன்கோயில்தானே எறங்கணும்? நான் அதுக்கு முன்னாலயே நொச்சிக்குளம் வெலக்குல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். கொஞ்சம் காலை மட்டும் அசைக்காம வச்சுக்கிடுங்க.

விசில்னா என்னன்னு நெனைச்சிய? வெறுங்காத்து இல்ல தம்பி. அறுபது எழுபது பேரு உக்காந்திருக்க வண்டி. முன்னால டிரைவர், அவன் முதுகுதான் எனக்குத் தெரியும். நான் ஒண்ணு ஊதுனா அம்புட்டுப் பேரும் நிக்கணும். ரெண்டு ஊதுனா அம்புட்டுப் பேரும் போகணும். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா இருப்பாரு, வாத்தியாரு இருப்பாரு, ஒருத்தரும் ஏன்னு கேக்க முடியாது. முப்பத்தோரு வருசம் அப்படியே போச்சு. ஒருநாள் மாலையைப் போட்டு, ஒரு கடிகாரத்தைக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் காலையில எந்திரிச்சா எனக்கு எதை நிப்பாட்ட, எதைக் கெளப்பன்னே தெரியலை. விசில் மட்டும் சட்டைப் பையில கெடந்துச்சு. சும்மா ஒண்ணு ஊதுனேன். என் வீட்டம்மா ராஜகனி அடுப்படியில இருந்து காபியோட வந்தா. அட, இது நல்லாருக்கேன்னு நெனைச்சேன். அன்னையில இருந்து வீட்டுல அதுதான் வழக்கம். ஒரு விசில்னா காபி. ரெண்டு விசில்னா வென்னீரு. தொண்டைத் தண்ணி வத்தக் கத்த வேண்டாம் பாருங்க. அவளுக்கும் வசதிதான். என்ன, சில நாளு நாலஞ்சு தடவை ஊதணும். காது மந்தமாயிருச்சு போலன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். 'பாத்தா அவரு உங்களைத்தான் படுக்கச் சொல்லுவாரு'ன்னு சொன்னா. அவ அப்படித்தான், தமாசாப் பேசுவா.

நாய் விசயத்துக்கு வாரேன். இது கன்னி நாய் தம்பி. கறுப்பு ஒடம்பு, புருவத்துக்கு மேல ரெண்டு பொட்டு. வேட்டைச் சாதி. ஆனா இப்ப எங்க வேட்டையாட? ஒரு மொசலைத் தொட்டாக்கூட ஃபாரஸ்டுக்காரங்க கேஸ் போட்டுருவாங்க. எனக்கு வேட்டை ஒண்ணும் வேண்டாம். மக்காச்சோளத்துல பன்னி எறங்குது, வெரட்டுறதுக்கு ஒரு நாய் வேணும். ராஜகனியோட அண்ணன் பவுன்ராஜ், என் மச்சான், நொச்சிக்குளத்துல இந்த நாயிகளை வச்சிருக்காரு. அவருதான் மூணு மாசக் குட்டியா இதைக் குடுத்தாரு. குடுக்கும்போதே சொன்னாரு, 'மாப்ள, இந்தச் சாதி கண்ணால வேட்டையாடும். ஓட ஆரம்பிச்சா காதை அடைச்சுக்கிடும். பன்னியை வெரட்டிக்கிட்டு ரோட்டுல ஏறிரும். போன வருசம் எனக்கு ஒண்ணு லாரியில போச்சு. திரும்பி வாரதுக்குத்தான் முதல்ல பழக்கணும்'ன்னாரு. அவரு வாயில ரெண்டு வெரலை வச்சு நீளமா ஒரு சீட்டி அடிச்சாரு. நான் சிரிச்சேன். வெரலு எதுக்கு மச்சான், என்கிட்ட அசல் டூட்டி விசில் இருக்குன்னேன்.

குட்டி வந்த அன்னைக்கு ராஜகனி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'இதுக்கு யாரு சோறு வைக்க?' நான் சொன்னேன், பயிற்சி எனக்கு, சோறு உனக்குன்னு. வேலையைச் சரிபாதியாப் பிரிச்சுக்கிட்டோம்.

நான் வச்ச பேரு ராக்கெட். அவ சிட்டுன்னு கூப்பிட்டா. ரெண்டு பேரு வச்சா நாய் கொழம்பிப் போகும்டின்னு சொன்னேன். அது கொழம்பலை. ராக்கெட்டுன்னா திரும்பியே பாக்காது. சிட்டுன்னா அவகிட்ட ஓடும்.

பயிற்சி எப்படின்னா, வீட்டுக்குப் பின்னால காலி மனை. நீளக் கயித்தைக் கழுத்துல கட்டி விட்டுட்டு, ரெண்டு ஊதுவேன். போகணும். அது வேப்பமரத்தடியில உக்காந்து சொறிஞ்சுக்கிட்டு இருக்கும். மறுபடி ரெண்டு. அப்ப பாத்து ராஜகனி கருவாட்டுச் சட்டியைக் கழுவ வெளிய வருவா. தற்செயலாத்தான். ஒடனே எடுக்கும் ஓட்டம், அம்பு மாதிரி. போய் அவ காலடியில டக்குன்னு நிக்கும். நான் அந்த நேரம் பாத்து ஒண்ணு ஊதுவேன். நின்னுருச்சுல்ல? ஒரே மாசத்துல பழகிருச்சு தம்பி. ஒருநாள் அவ சந்தைக்குப் போயிட்டா. அன்னைக்கு மட்டும் என்ன ஊதியும் அசையலை. நாய்க்கும் லீவு வேணும்லன்னு விட்டுட்டேன்.

காலி மனை பத்தலைன்னு மெயின் ரோட்டோரம் கூட்டிட்டுப் போனேன். அங்கதான் ஒரு சின்னச் சங்கடம் வந்துச்சு. டவுன் பஸ் நிக்குது. கண்டக்டர் கீழ எறங்கி ஒரு அம்மாவோட பருத்தி மூட்டையைத் தூக்கிவிட்டுக்கிட்டு இருக்கான். நான் பஸ்ஸுக்குப் பின்னால, புளியமரத்தடியில. நாயைப் பாத்து ரெண்டு ஊதுனேன். சுத்தமா, அழுத்தமா, டூட்டியில ஊதுற மாதிரி. நாய் நின்ன எடத்துலயே நிக்குது. பஸ் போயிருச்சு.

சிரிக்காதீங்க. கண்டக்டர் மூட்டையோட ரோட்டுல ஓடுதான். அந்தம்மா மூட்டையோட ஓடுறவன் பின்னால ஓடுது. 'ஏய் திருடா'ங்குது. அடுத்த ஸ்டாப்புல டிக்கெட் குடுக்க ஆளில்லாமத்தான் டிரைவருக்கே தெரிஞ்சிருக்கு. மறுநாள் அந்தக் கண்டக்டர் என் வீட்டு வாசலுக்கே வந்து கையை ஓங்கிட்டான். ராஜகனிதான் மோரைக் குடுத்துச் சமாதானம் சொல்லி அனுப்புனா. ஆனா தம்பி, உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன, எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். ரிட்டையராயி ரெண்டு வருசம் கழிச்சும் என் விசிலுக்கு ஒரு பஸ்ஸு கெளம்புதே! அந்த டிரைவர் பய யாருன்னே தெரியாது. கட்டுப்பட்டான் பாத்தியளா?

அந்தத் தெம்புலதான் டீக்கடையில வாயை விட்டேன். மச்சான் அன்னைக்கு எங்க ஊருக்கு வந்திருந்தாரு. ஓடுற நாயை ஒரே விசில்ல நிப்பாட்டுவேன்னேன். அவரு சிரிச்சாரு. நின்னுச்சுன்னா மீசையை எடுத்துருதேன்னாரு. அந்த மீசை அவரு கல்யாணத்துக்கு முன்னால இருந்து இருக்கு. நிக்கலைன்னா என்ன செய்வேன்னு கேட்டாரு. நிக்கலைன்னா இந்த விசிலை இனிமே வாயில வைக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். கடையில இருந்த அத்தனை பேரும் சாட்சி.

ஞாயித்துக்கிழமை காலையில ஊர்க் கண்மாய். தண்ணி இல்லாமக் காஞ்சு கெடக்கு. மச்சான் அவரு டி.வி.எஸ் வண்டிக்குப் பின்னால ஒரு ஆட்டுத்தோலைக் கயித்துல கட்டியிருந்தாரு. மொசலுக்குப் பதிலா அது. கரை பூராவும் சனம். ராஜகனியும் பம்புசெட்டுக்குத் தொவைக்கப் போற வழியில, இடுப்புல துணி வாளியோட பொம்பளைகளுக்கு மத்தியில நிக்கா. நான் புதுசா வெளுத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டேன். அது தப்பா? எனக்கு அதுல ஒரு மரியாதை தம்பி.

வண்டி கெளம்பிருச்சு. ஆட்டுத்தோலு துள்ளிக்கிட்டு ஓடுது. நாயை அவுத்து விட்டேன். யம்மா, என்ன ஓட்டம்! நாலு காலும் தரையில படுதா படலையான்னே தெரியலை. கூட்டம் ஓன்னு கத்துது. நான் விசிலை எடுத்து ஒண்ணு ஊதுனேன்.

நிக்கலை.

காத்து எதிர்க்காத்து. இன்னொண்ணு ஊதுனேன். நிக்கலை. மூணு, நாலு, அஞ்சு. அதுக்குள்ள கயிறு அறுந்து ஆட்டுத்தோலு எங்கயோ கெடக்கு. நாய்க்கு அது தெரியலை, வண்டி போன தெசையிலயே கரையேறி ரோட்டைப் பாக்க ஓடுது. ரோட்டுல ஜல்லி ஏத்துன லாரி ஒண்ணு வருது. நான் ஊதிக்கிட்டே இருக்கேன். மூச்சு முட்டுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நின்னுரு, நின்னுருன்னு மனசுக்குள்ள கெஞ்சுதேன், வாயில விசில் இருக்கதால சத்தம் வரலை.

அப்ப ராஜகனி, பெருசாக்கூடக் கத்தலை தம்பி, அடுப்படியில இருந்து கூப்பிடுற மாதிரிதான், 'ஏ சிட்டு, வாடி'ன்னா.

அம்புட்டுத்தான். நாய் அந்தரத்துல திரும்புச்சு. லாரி அது வாலை உரசிக்கிட்டுப் போகுது, இது நேரா வந்து அவ காலடியில உக்காந்து வாளிக்குள்ள மூஞ்சியை விட்டு மோந்து பாக்குது.

நான் என்ன செஞ்சிருக்கணும்? தெரியும் தம்பி. இப்பத் தெரியுது. அப்போ மொத்த ஊரும் சிரிக்குது. மச்சான் மீசையைத் தடவிக்கிட்டு வாராரு. என் காதுல அந்தச் சிரிப்பு மட்டுந்தான் விழுது. ஓடிப் போய், நீதான்டி நாயைக் கெடுத்தேன்னேன். அவ என்னைப் பாத்தா. 'அதுக்கு நீங்க ஊதுற சத்தம் எதுக்குங்க தெரியணும்? சோத்தைப் போட்டவ சத்தம் தெரிஞ்சாப் பத்தாதா? எனக்கும்தான் ரெண்டு வருசமாக் காதுல அந்தச் சத்தமே...'ன்னு ஆரம்பிச்சா. நான் விசிலை வாயில வச்சு, அவ மூஞ்சிக்கு நேரா ஊதிட்டேன். ஒண்ணுதான். சத்தமாக்கூட இல்ல.

நின்னுட்டா. பேச்சை அப்படியே நிப்பாட்டிட்டா. கரையில ஒருத்தரும் சிரிக்கலை. வாளியைக் கீழ வச்சா. நடந்து போய் அவ அண்ணன் வண்டியில பின்னால ஏறி உக்காந்தா. நான் ரெண்டு ஊதலை தம்பி. போகச் சொல்லவே இல்ல. அவளாப் போயிட்டா.

ஆச்சு, இன்னையோட அஞ்சு நாள். விசிலைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாத்தணும்ல. நாய் சாப்பிட மாட்டேங்குது. வாசப்படியில தலையை வச்சுக்கிட்டு ரோட்டையே பாக்குது. நானே கருவாடு வறுத்தேன். ரெண்டு பக்கமும் கரிக்கட்டை. மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, டிக்கெட் செக்கிங் ஆளுககூட என்னை அப்படிப் பாத்ததில்ல. பாலை வச்சேன், முட்டையை வச்சேன். ம்ஹூம். வாயில்லாத சீவன் பட்டினி கெடந்து செத்துட்டா அந்தப் பாவம் யாருக்கு? அதுக்காகத்தான் போறேன். நாய்க்காகத்தான். எனக்காக இல்ல, அதை மட்டும் தெளிவாச் சொல்லிக்கிடுதேன்.

நானா? நான் சாப்பிடுதேன் தம்பி. டீக்கடையில பன்னு இருக்கு. காலையில பன்னு. மத்தியானமும்... ஆமா, பன்னுதான். பழகிப் போச்சு. ராத்திரிக்குப் பசிக்கிறதில்ல. வீட்டுக்குள்ளயே இருக்க முடியலை, அதான் டீக்கடை. உள்ள போனா ஒரு சத்தமும் இல்ல. அவ சட்டியை உருட்டுவா, எதையாச்சும் பொலம்பிக்கிட்டே இருப்பா, எனக்கு அது எரிச்சலா இருக்கும். இப்ப அது இல்லாம காதைக் குடையுற மாதிரி இருக்கு. நேத்து காலையில அடுப்படி வாசல்ல போய் நின்னு, காபின்னு வாயால கேட்டேன். வெறும் வீட்டுல. கிறுக்குதான்.

போன் பண்ணலையான்னு கேக்கிய. பண்ணுனேன். மச்சான்தான் எடுத்தாரு. நாய் சாப்பிடலைன்னு சொல்லுங்கன்னேன். சொல்லுதேன்னாரு. ராஜகனி பக்கத்துலதான் இருக்காளான்னு கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுதான்னாரு. மாடு ஒண்ணும் அவரு வீட்டுல கெடையாது.

இப்பப் போய் என்ன சொல்லணும்னு காலையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன். 'நாய் சாப்பிட மாட்டேங்குது, கெளம்பு.' இது எப்படி இருக்கு? அதட்டுற மாதிரி இருக்கா? சரி, 'நாய் சாப்பிட மாட்டேங்குது, வாரியா?' இதுல கெஞ்சுற மாதிரி இருக்கே. என்ன சொல்லுதிய? நான் பன்னு திங்கிறதைச் சொல்லணுமா? அதை எப்படித் தம்பி சொல்ல! முப்பத்தாறு வருசக் குடித்தனத்துல அவகிட்ட அப்படியெல்லாம் ஒண்ணும் கேட்டதில்ல. அவ செஞ்சா, நான் சாப்பிட்டேன். மன்னிப்பா? பாவம், நீங்க சின்னப்புள்ள. கல்யாணம் ஆயிருச்சா? இன்னும் இல்லையா? அதான் இவ்வளவு லேசாச் சொல்லுதிய.

ஊதியிருக்கக் கூடாது. அது மட்டும் உண்மை. அவ அழுதிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு வலிச்சிருக்காது. பேசிக்கிட்டு இருந்தவ, வாயை மூடிட்டா.

இல்ல, எனக்கு ஒரு யோசனை இருக்கு. நான் ஒண்ணும் பேச வேண்டாம். நாயை முன்னால விட்டுருவேன். ஒட்டிப் போன வயித்தைப் பாத்தா அவளுக்கு மனசு கேக்காது. நாயைத் தூக்கிக்கிட்டு அவளே பஸ் ஏறிருவா. நானும் பின்னாலயே ஏறிக்கிட வேண்டியதுதான். ஒருத்தரும் ஒருத்தருகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். எப்படி?

அந்தா, நொச்சிக்குளம் வெலக்கு தெரியுது. பெரிய வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க, அதான் மச்சான் வீடு. இருங்க... ரோட்டுக்கு அந்தப் பக்கம், நெழக்கொடைக்குக் கீழ நிக்கிறது யாரு? ராஜகனிதான். கையில துணிப்பை வேற. எதிர்ப் பக்கம்னா கோயில்பட்டி போற பஸ்ஸுக்குல்ல நிக்கணும்? கோயில்பட்டியில அவளுக்கு என்ன சோலி? அங்க அவளுக்குச் சொந்தபந்தம்னு ஒருத்தரும் கெடையாதே. நம்ம ஊருக்குப் போற வழி அதுதான், ஆனா... எங்கயோ விசேசத்துக்குக் கெளம்பிட்டா போல. என்ன தம்பி, எதுக்குச் சிரிக்கிய?

ஒண்ணு ஊதிட்டான். பஸ் நிக்கப் போகுது. ஏய், ஏய், இரு! தம்பி, புடிங்க அதை! சாக்குல இருந்து வெளிய வந்துருச்சு... ஐயோ, அந்தம்மா காலுக்குள்ள நொழையுது... கண்டக்டர் கத்துதான். யாரு நாயின்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிடுதேன். எறங்கிருச்சா? ரோட்டைத் தாண்டிருச்சா? வண்டி கிண்டி வரலைல்ல? நல்லவேளை.

அவ மேல ஏறிருச்சா? நீங்களே ஜன்னல் வழியா பாத்துச் சொல்லுங்க, என்னால பாக்க முடியலை. நாயைத் தூக்குதாளா? தடவுதாளா? வயித்தைப் பாக்காளா? இல்லையா? பின்ன எதைப் பாக்கா? பஸ்ஸையா?

உஸ்ஸ், என்னமோ சொல்லுதா. சத்தமாத்தான் கேக்கா. கேட்டியளா? 'எங்கடி அந்த மனுசன்? தனியாவா வந்தே? அவரு எங்க?'ங்கா. தம்பி, உங்களுக்கும் அப்படித்தானே கேட்டுச்சு?

ஏய்யா, ரெண்டு ஊதிட்டானே! கண்டக்டர் சார், நிப்பாட்டுங்க, ஆள் எறங்கணும்! ஐயா, டிரைவர் ஐயா! எத்தனை பேரைத் தூங்கிட்டா வந்தேன்னு திட்டியிருப்பேன் நான்... தம்பி, காலை எடுங்க, வழியை விடுங்க. நாயை ஒண்ணும் கேக்கல அவ. என்னைக் கேக்கா தம்பி, என்னைத்தான் கேக்கா.